12 வோல்ட் பேட்டரியில டியூப்லைட் எரிய வைக்கிறது எப்படி? சின்ன இன்வெர்ட்டர் கட்டுறவங்களுக்கு ஒரு விளக்கம்

யுபிஎஸ்ல இருந்து கழட்டுன ஒரு பேட்டரி, ரேடியோ கடையில வாங்குன ஒரு 12-0-12 டிரான்ஸ்பார்மர் (நடுவுல ஒரு வயர், ரெண்டு பக்கமும் 12 வோல்ட் சுருள்), ரெண்டு டிரான்சிஸ்டர். இத வச்சு கரண்ட் போன நேரத்துல டியூப்லைட் எரிய வைக்கலாம்னு படம் போட்ட விளக்கம் எத்தனையோ வருஷமா சுத்துது. 2012 வாக்குல தமிழ்நாடு முழுக்க தெனமும் மணிக்கணக்கா பவர்கட் இருந்தப்ப காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை பக்கம் நிறைய பேர் இப்படி கட்டிப் பாத்தாங்க, இப்பவும் கட்டுறாங்க. கட்டி முடிச்சதும் பெரும்பாலானவங்க ஒரே எடத்துல மாட்டிக்கிறாங்க: மீட்டர் வச்சா 220 வோல்ட் காட்டுது, குண்டு பல்பு போட்டா எரியுது, ஆனா 4 அடி டியூப் மாட்டுனா மினுக்கிக்கிட்டே நிக்குது, இல்லைன்னா எரிஞ்சு ஒரு மாசத்துல ரெண்டு முனையும் கருத்துப் போகுது.

காரணம் சர்க்யூட்ல இல்ல, நெனப்புல இருக்கு. இன்வெர்ட்டரோட வேலை 230 வோல்ட் உண்டாக்குறது மட்டும்னு நெனச்சு கட்டுறோம், டியூப் கேக்குறது அது இல்ல. மொதல்ல ஒண்ணு ரெண்டு நொடி முனை சூடேறணும், அப்புறம் ஒரு கணம் பல நூறு வோல்ட் வேணும், எரிய ஆரம்பிச்சதும் கரண்ட்டப் பிடிச்சு நிறுத்த ஒரு ஆள் வேணும். இந்த மூணையும் குடுக்குறது எதுவோ அதுதான் டியூப்லைட் இன்வெர்ட்டர்.

டியூப்லைட் உள்ள என்ன நடக்குது

குண்டு பல்புல ஒரு கம்பி இருக்கு, அது சூடாகி ஒளி விடுது, அதனால 12 வோல்ட் கம்பி போட்ட பல்ப 12 வோல்ட்ல எரிச்சுக்கலாம். டியூப்ல ரெண்டு முனைக்கும் நடுவுல கம்பியே கெடையாது. ஆர்கான் வாயுவும் துளிக்கும் கொறஞ்ச பாதரசமும்தான் இருக்கு. வாயு சாதாரணமா கரண்ட்ட விடாது. போதுமான வோல்ட் குடுத்தா அது ஒடஞ்சு கடத்த ஆரம்பிக்கும், பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளிய விடும், கண்ணாடிக்கு உள்பக்கம் பூசியிருக்குற வெள்ளப் பொடி அத வாங்கி நமக்குத் தெரியிற வெளிச்சமா மாத்தும்.

இதுல கவனிக்க வேண்டியது:

1. ஆரம்பிக்க வேண்டிய வோல்ட் வேற, ஓட வேண்டிய வோல்ட் வேற. எரிஞ்சுக்கிட்டு இருக்குற 2 அடி 20 வாட் டியூப் மேல இருக்குறது 60 வோல்ட்டுக்குள்ளதான், 4 அடி 40 வாட் டியூப் மேல 100 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. ஆனா பத்த வைக்க அத விட பல மடங்கு வேணும்.

2. எரிய ஆரம்பிச்ச வாயு, கரண்ட் கூடக் கூட எதிர்ப்பக் கொறச்சுக்கிட்டே போகும். கோயில் திருவிழாவுல கதவத் தொறந்ததும் கூட்டம் நெருக்கி நெருக்கி கதவே அகலமாகுற மாதிரி, தடுக்க ஆள் இல்லைன்னா கரண்ட் ஏறிக்கிட்டே போயி டியூப்போ டிரான்சிஸ்டரோ ஒண்ணு போயிடும். அந்த ஆள்தான் சோக், டியூப் மாட்டுற பட்டியில இருக்குற, இரும்பு மேல கம்பி சுத்துன காயில்.

3. முனையில இருக்குற ஃபிலமெண்ட் மேல எலக்ட்ரான் விடுறதுக்குன்னு ஒரு பூச்சு இருக்கு. அது சூடா இருக்குறப்ப சுலபமா விடும். சூடேறாம இருக்குறப்பவே அதிக வோல்ட்ட அடிச்சு எரிய வச்சா பூச்சு தெறிச்சுப் போயி கண்ணாடியில ஒட்டும், முனை கருக்குறது அதுதான்.

ஸ்டார்ட்டர் செய்யிற வேலை இப்ப வெளங்கும். அது மூடியிருக்குற நேரம் கரண்ட் ரெண்டு ஃபிலமெண்ட் வழியாவும் ஓடி சூடாக்குது, தொறக்குற கணத்துல சோக் ஒரு ஒதை ஒதைக்குது, டியூப் பத்திக்குது. அப்புறம் ஸ்டார்ட்டருக்கு வேலை இல்ல, கழட்டினாலும் எரியும்.

பேட்டரி கரண்ட்ட ஏன் நேரா ஏத்த முடியாது

டிரான்ஸ்பார்மர் மாறிக்கிட்டே இருக்குற கரண்ட்டுக்குத்தான் வேலை செய்யும். பேட்டரி குடுக்குறது ஒரே பக்கமா ஓடுற டிசி. அத டிரான்ஸ்பார்மர்ல நேரா குடுத்தா காயில் சூடாகும், வேற ஒண்ணும் வராது. அதனால ரெண்டு சுவிட்ச் வச்சு, டிரான்ஸ்பார்மரோட ஒரு பாதியில ஒரு தடவ, இன்னொரு பாதியில ஒரு தடவன்னு மாத்தி மாத்தி விடுறோம். 12-0-12ல நடு வயர் பேட்டரி பிளஸ்ல, ரெண்டு ஓர வயரும் ரெண்டு சுவிட்ச் வழியா மைனஸ்ல. சாதாரணமா 230 வாங்குற பக்கம் இப்ப 230 குடுக்குற பக்கம் ஆகுது. இதத்தான் புஷ்-புல்னு சொல்றாங்க.

சுவிட்சுக்கு 2என்3055ங்கிற பழைய வகை டிரான்சிஸ்டர் போடணுமா, வோல்ட்ட வச்சே தொறந்து மூடுற மாஸ்ஃபெட்ங்கிற வகை போடணுமான்னு கேப்பாங்க. மாஸ்ஃபெட்தான், யோசிக்கவே வேணாம். 2என்3055 நல்ல உழைப்பாளி, ஆனா 4 ஆம்ப் விடுறப்ப அது மேலயே 1 வோல்ட் கிட்ட தங்கிடும், 12 வோல்ட்ல ஒரு வோல்ட் போறது சின்ன விஷயம் இல்ல, அது போக பேஸுக்கு (அத இயக்குற காலுக்கு) தனியா 0.4 ஆம்ப் கேக்கும். ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டோட எதிர்ப்பு 17.5 மில்லி ஓம், அதே 4 ஆம்ப்ல 0.07 வோல்ட்தான் போகும், கேட்டுக்கு (மாஸ்ஃபெட்ட இயக்குற காலுக்கு) கரண்ட்டே கிட்டத்தட்ட வேணாம், சும்மா இருக்குற சுவிட்ச் மேல பேட்டரிய விட ரெண்டு மடங்கு வோல்ட்டும் அதுக்கு மேல ஸ்பைக்கும் (ஒரு கணம் எகிறுற வோல்ட்) வரும், 55 வோல்ட் தாங்குறதால அதுக்கும் இடம் இருக்கு.

50 ஹெர்ட்ஸா, 25,000 ஹெர்ட்ஸா

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இபி குடுக்குற மாதிரியே நொடிக்கு 50 தடவ மாத்துறது, இரும்பு டிரான்ஸ்பார்மர், சோக், ஸ்டார்ட்டர் எல்லாம் பழையபடி. இன்னொண்ணு 20 ஆயிரம் தடவைக்கு மேல மாத்துறது, அதுக்கு ஃபெரைட் கோர் (கம்பி சுத்துற நடுக்கட்டை, இரும்புக்குப் பதிலா பீங்கான் மாதிரியான காந்தப் பொருள்), சோக் தனியா வேணாம், பழைய எமர்ஜென்சி லைட் உள்ள இருந்தது இதுதான்.

வேகம் கூடினா ஏன் டிரான்ஸ்பார்மர் சின்னதாகுதுன்னு ஒரு கணக்கு போட்டா தெளிவாயிடும். ஸ்கொயர் வேவுக்கு (நம்ம சுவிட்ச் குடுக்குற, சட்டுனு ஏறி சட்டுனு எறங்குற அலைக்கு) சுத்து எண்ணிக்கை = வோல்ட் ÷ (4 × ஹெர்ட்ஸ் × காந்த அடர்த்தி × கோர் பரப்பு).

1. இரும்பு, 10 சதுர செ.மீ நடுக்கால், 1.2 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸ்: 12 ÷ (4 × 50 × 1.2 × 0.001) = 50 சுத்து. கிலோ கணக்குல எடை.

2. ஃபெரைட் இஇ25 (ஒரு சின்ன கோர் அளவு), அரை சதுர செ.மீ, 0.2 டெஸ்லா, 25,000 ஹெர்ட்ஸ்: 12 சுத்து போதும். உள்ளங்கையில அடங்கும்.

அதிக வேகத்துல டியூப்பே அதே வாட்டுக்கு சுமார் 10 சதவீதம் கூட வெளிச்சம் தரும், மினுக்கல் இருக்காது, 20 ஆயிரத்துக்கு மேல போனா காதுக்கு விசில் சத்தமும் கேக்காது. இவ்வளவு நல்லதா இருந்தும் புதுசா கட்டுறவங்களுக்கு 50 ஹெர்ட்ஸத்தான் சொல்லணும், ஏன்னா ஃபெரைட் கோரோட ரெண்டு துண்டுக்கும் நடுவுல விடுற காற்று இடைவெளி கொஞ்சம் தப்பினாலும், சுத்து மாறினாலும், லோடு இல்லாம ஓட விட்டாலும் டிரான்சிஸ்டர் போயிடும். சோக் இல்லாததால கரண்ட்டப் பிடிக்கிற வேலைய கோரோட லீக்கேஜே (அடுத்த சுருளுக்குப் போய்ச் சேராம கசியிற காந்தமே) செய்யணும், அத அளந்து கட்ட பழக்கம் வேணும். அதோட மலிவான எமர்ஜென்சி லைட்ல ஃபிலமெண்ட்ட சூடாக்குறதே இல்ல, ஒவ்வொரு முனையிலயும் ரெண்டு பின்னையும் சேத்து விட்டுருப்பாங்க. அதனாலதான் பியூஸ் போன டியூப்பும் அதுல எரியும், நல்ல டியூப் சீக்கிரம் கருக்கும்.

செட்டிநாட்டு வீட்டுல வயர் நீளம்தான் முடிவு செய்யும்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் மாதிரி ஊர்கள்ல பழைய வீடு ஒரு தெருவுல வாசல் வச்சு அடுத்த தெருவுல கொல்லை முடியும். முகப்பு, வளவு (உள் முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படின்னு போயிக்கிட்டே இருக்கும். இருட்டுற எடம் பெரும்பாலும் உள்பக்கம், பேட்டரி வைக்கத் தோதான எடம் வாசப்பக்கம். நடுவுல 30 மீட்டர்னு வைங்க, போக வர 60 மீட்டர் செம்பு வயர். 1 சதுர மி.மீ வயர்னா அதோட எதிர்ப்பு சுமார் 1 ஓம்.

1. 12 வோல்ட்டாவே கொண்டு போனா: 3.3 ஆம்ப் ஓடும், வயர்லயே 3.5 வோல்ட் போயிடும். இன்வெர்ட்டருக்கு போய்ச் சேர்றது எட்டரை வோல்ட். எரியாது.

2. பேட்டரி பக்கத்துலயே இன்வெர்ட்டர வச்சு, ஏத்துன வோல்ட்ட கொண்டு போனா: 0.37 ஆம்ப்தான், அரை வோல்ட் கூட போகாது.

அதனால நீளமான வீட்டுக்கு 50 ஹெர்ட்ஸ், இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஒண்ணா ஒரு எடத்துல. ஃபெரைட் வகையில இத செய்ய முடியாது, அவ்வளவு வேகத்துல மாறுற கரண்ட்ட நீள வயர்ல விட்டா வழியிலயே கசியும், ரேடியோ இரையும். அது டியூப் பட்டியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கணும், பேட்டரியும் பக்கத்துல வேணும். ஒரே அறைக்குன்னா அது நல்லா பொருந்தும். முழு வீட்டுக்கு இல்ல.

கட்டுறதுக்கு என்ன வேணும்

20 வாட் 2 அடி டியூப் ஒண்ணுக்குக் கணக்கு:

1. சிடி4047 ஐசி. இது தானா ஓடி 10, 11 பின்ல எதிரும் புதிருமா ரெண்டு அலை குடுக்கும், பாதிக்குப் பாதி சரியா இருக்கும், அதுதான் முக்கியம், ஒரு பக்கம் நீண்டா கோர்ல ஒரு பக்கமா காந்தம் நெறஞ்சு சூடாகும். 4, 5, 6, 14 பின் பிளஸ்ல, 7, 8, 9, 12 மைனஸ்ல.

2. 1க்கும் 3க்கும் நடுவுல 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் (பாலியெஸ்டர், செராமிக் வேணாம், சூட்டுல மாறும்). 2க்கும் 3க்கும் நடுவுல 39 கே ரெசிஸ்டரும் 10 கே பிரிசெட்டும் (திருப்பி அளவு மாத்துற ரெசிஸ்டர்). ஒரு சுத்துக்கான நேரம் 4.4 × ஆர் × சி, அதனால 46ல இருந்து 58 ஹெர்ட்ஸ் வரைக்கும் திருப்பிக்கலாம்.

3. ஐசிக்கு பிளஸ் போற வழியில 100 ஓம், பக்கத்துல 100 மைக்ரோ ஃபாரட், 15 வோல்ட் ஜீனர் (அதுக்கு மேல வோல்ட் ஏற விடாத டயோடு). இது இல்லாம டிரான்ஸ்பார்மர் ஸ்பைக் ஐசிக்குள்ள வந்துடும்.

4. ஐஆர்எஃப்இசட்44என் ரெண்டு, 10, 11 பின்ல இருந்து ஒவ்வொரு கேட்டுக்கும் 100 ஓம் ஒவ்வொண்ணு, சின்ன ஹீட்சிங்க்.

5. 12-0-12 டிரான்ஸ்பார்மர், 8 ஆம்ப். 5 ஆம்ப் ஏன் போதாதுன்னா, சோக் வேலை செய்யாத கரண்ட்டையும் கேக்கும். டியூப்பும் சோக்கும் நெசமா தின்னுறது 28 வாட் கிட்டத்தான், ஆனா ஓடுறது 0.37 ஆம்ப், 230ஆல பெருக்கினா 85 விஏ (வோல்ட் × ஆம்ப்), 12 வோல்ட் பக்கம் அது 7 ஆம்ப். மிச்சம் போயிட்டு திரும்பி பேட்டரிக்கே வரும், மாஸ்ஃபெட்டுக்குள்ள இருக்குற டயோடு அதுக்கு வழி விடும். 2என்3055 போட்டா இந்த டயோடு ரெண்டையும் தனியா போடணும், போடாததாலதான் பல பேருக்கு டிரான்சிஸ்டர் போகுது.

6. பேட்டரி பிளஸ் முனைக்கு ஒரு சாண் தள்ளி 10 ஆம்ப் ஃபியூஸ். 2.5 சதுர மி.மீ வயர்.

7. வழக்கமான சோக், 220-240 வோல்ட் ஸ்டார்ட்டர். பழைய பட்டியில பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் இருந்தா கண்டிப்பா கழட்டுங்க, ஸ்கொயர் வேவ்ல அது ஒவ்வொரு திருப்பத்துலயும் பெரிய கரண்ட்ட இழுத்து மாஸ்ஃபெட்ட அடிக்கும்.

வோல்ட் பத்தலைன்னு 9-0-9 டிரான்ஸ்பார்மர் போடச் சொல்றவங்க உண்டு. வோல்ட் ஏறும், நெஜந்தான். ஆனா 12 வோல்ட் சுருள்ல 12 வோல்ட் ஸ்கொயர் வேவ் குடுத்தாலே இபி குடுக்குற வளைஞ்ச சைன் அலைய விட 11 சதவீதம் கூட காந்தம் ஏறுது, 9 வோல்ட் சுருள்ல குடுத்தா கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, கோர் நெறஞ்சு டியூப் இல்லாமலே பேட்டரிய குடிக்கும். வேணாம்.

மீட்டர் காட்டுற 220

மொதல்ல சொன்ன குழப்பத்துக்கு இங்கதான் விடை. சாதாரண மல்டிமீட்டர் சைன் அலைன்னு நம்பி கணக்கு போடுது, சராசரிய எடுத்து 1.11ஆல பெருக்கி காட்டுது. ஸ்கொயர் வேவ்ல அந்தப் பெருக்கல் தேவையே இல்ல, அதனால உள்ள 200 வோல்ட் இருந்தா 222ன்னு காட்டும். அது போக இபி 230ல உச்சி 325 வோல்ட், ஸ்கொயர் வேவ் 200ல உச்சியும் 200தான். டிரான்ஸ்பார்மர திருப்பிப் போடுறதால இழப்பு வேற, லோடு ஏறினதும் இன்னும் எறங்கி 180க்குப் பக்கம் நிக்கும். 2 அடி டியூப்புக்கு அது தாராளம். 4 அடி டியூப்புக்கு ஸ்டார்ட்டர் தொறந்த பிறகு தாக்குப்பிடிக்க வோல்ட் பத்தாம ஸ்டார்ட்டர் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், அந்த மினுக்கல்தான் கண்ணுக்குத் தெரியுது. எலக்ட்ரானிக் சோக் போட்டாலும் இதே கதை, அது உச்சி வோல்ட்டத்தான் பிடிச்சு வைக்கும், 325க்கு பதிலா 200 கிடைச்சா மங்கலா எரியும்.

சோதிக்கிற வரிசை: டியூப் மாட்டாம பேட்டரி கரண்ட்ட பாருங்க, ஒரு ஆம்புக்கு மேல இருந்தா ஹெர்ட்ஸ கொஞ்சம் ஏத்துங்க. அப்புறம் 25 வாட் குண்டு பல்பு. மாஸ்ஃபெட் பத்து நிமிஷத்துல தொட முடியாத சூடு வந்தா கேட் வயர்ல ஏதோ தப்பு. அது சரியான பிறகுதான் டியூப்.

எத்தனை நேரம் எரியும்

28 வாட் வேணும், இன்வெர்ட்டர் 70 சதவீதம் குடுக்குதுன்னு வச்சா பேட்டரியில இருந்து 40 வாட், அதாவது 3.3 ஆம்ப். 7 ஏஎச் (ஆம்ப் × மணி நேரம்) பேட்டரிய ஏழு ஆம்ப் ஒரு மணி நேரம்னு எடுத்துக்கக் கூடாது, அந்த அளவு 20 மணி நேரத்துல மெதுவா இழுத்தா கிடைக்கிறது. 3.3 ஆம்ப்ல சுமார் ஒன்றரை மணி நேரம். ஃபெரைட் வகைன்னா 2 ஆம்ப் சொச்சம், ரெண்டரை மணி நேரம் வரும். 10.5 வோல்ட்டுக்குக் கீழ எறங்க விடாதீங்க, 11லயே நிறுத்துறது நல்லது.

நம்ம பக்கத்து வீடுகளுக்குன்னு ஒரு பிரச்சனை இருக்கு, அத யாரும் பேசுறது இல்ல. நெறைய வீடு வருஷத்துல பல மாசம் பூட்டியே கெடக்கும், படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ தொறப்பாங்க. பேட்டரிய அரைகுறையா விட்டுட்டுப் பூட்டினா தட்டுல ஈய சல்பேட் இறுகிப் படியும், அடுத்த தடவ சார்ஜ் ஏறாது. முழுசா ஏத்தி, வயர கழட்டி வச்சுட்டுப் போனா கூட தானா எறங்கும், வெயில்ல இன்னும் வேகமா. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சீல் பண்ண பேட்டரியோட ஆயுசு பாதியாகும்னு கணக்கு, சித்திரை வெயில்ல மாடியில வைக்கிறது அத வீணடிக்கிறது. வளவை ஒட்டின கீழ் அறைதான் சரி, காத்தும் வரும், சார்ஜ் ஏறுறப்ப வர்ற ஹைட்ரஜன் வெளியேறும். பேட்டரியும் சேந்த மின்வேதியியல ஆராயிறதுக்குன்னே அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து, 1948ல அடிக்கல் போட்டு 1953ல தொறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரைக்குடியிலேயே இருக்கு, அந்த ஊர்க்காரங்க பேட்டரிய இப்படி சாக விடுறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

உயிர் சம்பந்தப்பட்டது

1. இன்வெர்ட்டர்ல இருந்து வர்ற 200 வோல்ட் இபி கரண்ட் மாதிரியே கொல்லும். பேட்டரிதானேன்னு ஈரக்கையோட தொடாதீங்க.

2. இத வீட்டு பிளக் பாயிண்ட்ல செருகி வீட்டு வயரிங்குக்கே குடுக்கக் கூடாது. வெளிய போஸ்ட் வயர் அறுந்து உங்க வீட்டு லைன் தனியா நின்னா, அதுல கை வைக்கிற லைன்மேனுக்கு உங்க இன்வெர்ட்டர் ஷாக் குடுக்கும். இபி திரும்ப வந்தா இன்வெர்ட்டரும் வெடிக்கும். டியூப்புக்குத் தனி வயர், இல்லைன்னா ரெண்டு கம்பியையும் மாத்துற சேஞ்ச் ஓவர் சுவிட்ச்.

3. மரப்பட்டியில ஓடுற பழைய வயரிங் இருக்குற வீட்டுல அந்த வயர பயன்படுத்தாதீங்க. ரப்பர் உரிஞ்சு போயிருக்கும், சுத்தி தேக்கு.

4. டியூப் ஒடஞ்சா ஜன்னலத் தொறந்துட்டு அட்டையால அள்ளுங்க, கையால கூட்டாதீங்க. பாதரசம் இருக்கு.

டியூப்பே இல்லாமப் போனா

பாதரசத்தக் கொறைக்கிறதுக்கான மினமாட்டா ஒப்பந்தத்துல இருக்குற நாடுகள் 2023ல ஜெனிவாவுல கூடி, நீள டியூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள்ள நிறுத்துறதுன்னு முடிவெடுத்துருக்காங்க. இந்தியாவும் அதுல இருக்கு. அதனால புதுசா பட்டி, சோக், டியூப் எல்லாம் வாங்கி இந்த இன்வெர்ட்டர கட்டுறது இப்ப அர்த்தம் இல்லாத செலவு. 10 வாட் 12 வோல்ட் எல்இடிய ஃபியூஸ் வழியா பேட்டரியிலயே நேரா மாட்டுனா 20 வாட் டியூப் அளவு வெளிச்சம், 0.9 ஆம்ப்தான், அதே 7 ஏஎச் பேட்டரியில ஆறு மணி நேரத்துக்கு மேல. வயர் நீளக் கணக்கு இதுக்கும் உண்டு: 30 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ வயர் போட்டா 0.4 வோல்ட்தான் போகும், தாங்கும்.

வீட்டுல ஏற்கனவே பட்டியும் சோக்கும் நல்ல டியூப்பும் இருக்கு, டிரான்ஸ்பார்மரும் கெடக்குன்னா கட்டுங்க, ஒரு தடவ கட்டுனா டிரான்ஸ்பார்மர், சோக், சுவிட்சிங் மூணும் புத்தகத்துல படிக்கிறத விட நல்லா புரியும், மாணவர்களுக்கு இத விட நல்ல செய்முறை கொறச்சல்தான். டியூப் தீர்ந்த பிறகு அதே பெட்டியில எல்இடி பேட்டன் மாட்டலாம், ஆனா உள்ள டிரைவர் (கரண்ட்டக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) இருக்குற வகையா பாத்து வாங்குங்க. கெபாசிட்டர் மட்டும் வச்சு வோல்ட்ட எறக்குற மலிவு எல்இடி ஸ்கொயர் வேவ்ல கெபாசிட்டர் சூடாகி சீக்கிரம் போயிடும்.